வேப்பிலைச் சாற்றில் தயாரித்த வெள்ளி நானோ துகள்கள் செல்களுக்குப் பாதுகாப்பானவை என்று எழுத எம்.டி.டி. சோதனை ஒன்றே போதுமா?

கேள்வி: ஆய்வு மாணவி, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதியாக, வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நைட்ரேட்டை ஒடுக்கி வெள்ளி நானோ துகள்களைத் தயாரித்து, அவற்றைக் காயத்துக்குக் கட்டும் பருத்தித் துணியில் ஏற்றும் வேலையில் ஈடுபட்டுள்ளேன். வெளிர் மஞ்சளாக இருக்கும் கரைசல் அடர் பழுப்பாக மாறுகிறது. நிறமாலையில் 425 நானோமீட்டருக்கு அருகே உச்சம் தெளிவாகக் கிடைக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பெரும்பாலான துகள்கள் 20 நானோமீட்டர் விட்டத்தில் உருண்டையாகத் தெரிகின்றன. பாக்டீரியாவுக்கு எதிரான சோதனைகளிலும் முடிவுகள் நன்றாகவே உள்ளன.

சிக்கல் செல் சோதனையில்தான். 96 குழித் தட்டில், இயல்பான செல்களுக்காக வீரோ (குரங்குச் சிறுநீரக) செல்களையும் எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களையும் துகள்களோடு 24 மணி நேரம் வைத்து எம்.டி.டி. சோதனை (செல்களின் உயிர்ப்பை நிறமாற்றத்தால் அளப்பது) செய்தோம். துகள் சேர்க்காத செல்களை 100 சதவீதமாகக் கொண்டால், மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் அளவில் வீரோ செல்களின் உயிர்ப்பு 96 சதவீதமாகவும் எம்.சி.எஃப்-7 செல்களின் உயிர்ப்பு 58 சதவீதமாகவும் இருந்தன. 100 மைக்ரோகிராமுக்கு உயர்த்தியபோது வீரோ செல்களின் உயிர்ப்பு குறைவதற்குப் பதிலாக 118 சதவீதமாகக் கூடியது. ஆனால் அதே குழிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட செல்கள் தரையை விட்டுப் பிரிந்து உருண்டு கிடக்கின்றன.

தாவரச் சாற்றில் தயாரித்தவை என்பதாலும் எம்.டி.டி. மதிப்புகள் உயர்வாக இருப்பதாலும் "புற்றுநோய்ச் செல்களை மட்டும் தாக்குபவை, இயல்பான செல்களுக்குப் பாதுகாப்பானவை" என்று கட்டுரையில் எழுதிவிடலாம் என்பது நெறியாளரின் கருத்து. இதே பாணியில் ஏராளமான கட்டுரைகள் வெளிவந்துள்ளன என்பதும் உண்மைதான். இருந்தாலும் கண்ணால் பார்த்ததும் எண் சொல்வதும் ஒத்துப்போகாதபோது அப்படி எழுத மனம் ஒப்பவில்லை. இந்த 118 சதவீதத்தை எப்படிப் புரிந்துகொள்வது? எங்கள் கல்லூரியில் இருக்கும் எளிய வசதிகளைக் கொண்டு வேறு எந்தச் சோதனைகளைச் செய்யலாம்?

மறுமொழி 1: செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பணிபுரிபவர்

உங்கள் ஐயம் நியாயமானது. நுண்ணோக்கியும் தட்டளவியும் (குழிகளின் நிறத்தை அளக்கும் கருவி) முரண்பட்டால் நான் முதலில் தட்டளவியைத்தான் சந்தேகிப்பேன்.

எம்.டி.டி. என்பது மஞ்சள் நிற உப்பு. உயிருள்ள செல்லில், முக்கியமாக மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள நொதிகள் அதை ஒடுக்கி ஊதா நிற ஃபார்மசானாக மாற்றுகின்றன. 570 நானோமீட்டரில் நாம் அளப்பது அந்த ஊதாவை. அதாவது, சோதனை செல்களை எண்ணுவதில்லை. ஒடுக்கும் வேலை எவ்வளவு நடந்தது என்பதைத்தான் அளக்கிறது. இப்போது உங்கள் துகள்களின் பிறப்பை நினைத்துப் பாருங்கள். வேப்பிலையில் உள்ள ஃபிளேவனாய்டுகளும் பிற பாலிஃபீனால்களும் வெள்ளி அயனியை ஒடுக்க வல்லவை என்பதால்தானே உங்களுக்குத் துகள் கிடைத்தது! அதே சேர்மங்கள் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டும், சரியாகக் கழுவப்படாத கரைசலில் மிஞ்சியும் இருக்கின்றன. செல்லின் உதவி இல்லாமலேயே அவை எம்.டி.டி.யை ஊதாவாக்கும். துகளின் அளவைக் கூட்டக் கூட்டச் சாறும் கூடுகிறது, ஊதாவும் கூடுகிறது. உங்கள் 118 இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இதற்கு மேல், செல் வளர்ப்பு ஊடகத்தில் கட்டி சேரும் வெள்ளித் துகள்களின் ஒளி உறிஞ்சல் 425-ஐ விட்டு நீண்ட அலைநீளங்களுக்குப் பரவி 570 வரை நீளும். அதுவும் ஊதாவின் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரிபார்ப்பது எளிது. செல்லே போடாத குழிகளில் ஊடகம், அதே அளவுத் துகள், எம்.டி.டி. மூன்றையும் சேர்த்து அதே நேரம் வையுங்கள். இன்னொரு வரிசையில் துகளுக்குப் பதில் வேப்பிலைச் சாற்றை மட்டும் வையுங்கள். மூன்றாவதாக, எம்.டி.டி. சேர்க்காமல் செல்லும் துகளும் மட்டும் உள்ள ஒரு வரிசையும் வேண்டும். முதல் இரண்டிலும் ஊதா தோன்றினால் உங்கள் பழைய எண்கள் எவற்றையும் கட்டுரையில் பயன்படுத்த முடியாது; எம்.சி.எஃப்-7-இன் 58 சதவீதமும் அவற்றுள் அடங்கும்.

இந்தக் குழப்பம் எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 2006-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் ஏ-549 நுரையீரல் செல்களில் கார்பன் நானோ குழாய்களைச் சோதித்தபோது, எம்.டி.டி. முறை உயிர்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாகக் காட்டியது. கரையக்கூடிய நிறமியைத் தரும் டபிள்யூ.எஸ்.டி-1 முறையில் அப்படிப்பட்ட பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஃபார்மசான் படிகங்கள் நானோ குழாய்களில் ஒட்டிக்கொண்டு கரையாமல் நின்றதுதான் காரணம். அங்கே நஞ்சில்லாத இடத்தில் நஞ்சு தெரிந்தது. உங்களிடம் நஞ்சு மறைந்திருக்கக்கூடும்.

மாற்றாக, சேதமடைந்த செல்லிலிருந்து வெளியேறும் நொதியை அளக்கும் எல்.டி.எச். கசிவுச் சோதனையைப் பலர் பரிந்துரைப்பார்கள். வெள்ளிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளி அயனி அந்த நொதியின் செயலையே முடக்கிவிடும். செல் சவ்வு கிழிந்து நொதி வெளியே வந்திருந்தாலும் அளவீடு குறைவாகவே இருக்கும், நீங்களும் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

உங்கள் வசதிக்கு மிகவும் ஏற்றது காலனி உருவாக்கச் சோதனை, அதாவது தனிச் செல் பெருகிக் கூட்டமாகிறதா என்று பார்ப்பது. துகளோடு இருந்த செல்களைக் கழுவி, ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 200 செல்கள் என்ற கணக்கில் புதிதாக விதைத்து, ஒரு வாரம் முதல் 10 நாள் வரை வளரவிட்டு, கிரிஸ்டல் வயலட் சாயமிட்டுக் கூட்டங்களை எண்ணுங்கள். நிறமியின் ஒடுக்கமோ ஒளி உறிஞ்சலோ இதில் குறுக்கிடாது. பிழைத்த செல் பெருகும், பிழைக்காதது பெருகாது. நேரம் பிடிக்கும் என்பதைத் தவிர இதில் குறை காண முடியாது. எம்.டி.டி.யையே தொடர விரும்பினால், நிறமி சேர்ப்பதற்கு முன் குழிகளைக் கழுவுங்கள். ஃபார்மசானைக் கரைத்த பின் தட்டை மையவிலக்கில் சுழற்றி, மேலுள்ள தெளிவான திரவத்தை மட்டும் புதுத் தட்டுக்கு மாற்றி அளவிடுங்கள். கழுவும்போது உருண்டு பிரிந்த செல்கள் போய்விடும் என்பதால், அந்தக் கழுவு நீரைக் கொட்டாமல் சேர்த்துவைத்து இறந்த செல்களை நிறமேற்றிக் காட்டும் டிரிபன் நீலத்தில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

மறுமொழி 2: பொருள் வேதியியல் ஆசிரியர்

முந்தைய மறுமொழியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சோதனை முறையைச் சரிசெய்துவிட்டாலும் இன்னொரு கேள்வி எஞ்சி நிற்கிறது: உங்கள் செல் உண்மையில் எதைத் தொட்டது?

எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய 20 நானோமீட்டர் என்பது உலர்ந்த வலைத்தட்டின் மேல் இருக்கும் துகளின் அளவு. ஊடகத்தில் விழுந்த கணமே நிலைமை மாறுகிறது. உப்புகள் துகள்களின் மின்னேற்ற விலக்கத்தைக் குறைப்பதால் அவை ஒன்றோடொன்று சேரத் தொடங்குகின்றன. ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தில் (ரத்த நீரில்) உள்ள புரதங்கள் மேற்பரப்பை மூடுகின்றன. இந்தப் புரத உறையைப் பற்றி 2007-இல் டப்ளின், லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக எழுதிய பிறகு, செல் சந்திப்பது நாம் தயாரித்த மேற்பரப்பை அன்று, அந்த உறையைத்தான் என்ற பார்வை துறையில் நிலைபெற்றது. ஆகவே, சீரம் சேர்த்த ஊடகத்தில் கிடைத்த முடிவையும் சீரம் சேர்க்காத ஊடகத்தில் கிடைத்த முடிவையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவது தவறு. திரவத்தில் துகளின் அளவை ஒளிச்சிதறலால் அறியும் டி.எல்.எஸ். அளவீட்டைத் தண்ணீரில் செய்து முடித்துக்கொள்ளாமல், அதே ஊடகத்தில் தொடக்கத்திலும் 24 மணி நேரத்துக்குப் பிறகும் செய்யுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு குழியில் 100 மைக்ரோலிட்டர் ஊடகம், மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் என்றால் குழியில் இருப்பது 5 மைக்ரோகிராம் வெள்ளி. வெள்ளியின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் 20 நானோமீட்டர் துகள்கள் ஏறத்தாழ 11,000 கோடி அதில் இருக்கும். குழியில் 10,000 செல்களை விதைத்திருந்தால் ஒரு செல்லுக்கு 1 கோடிக்கும் மேற்பட்ட துகள்கள்! இவற்றில் எத்தனை உண்மையில் செல்லை அடைகின்றன என்பது துகள்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, கட்டி சேர்ந்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. தனித் துகள் 24 மணி நேரத்தில் ஈர்ப்பால் கால் மில்லிமீட்டர் அளவே கீழிறங்கும். குழியில் ஊடகத்தின் உயரமோ 3 மில்லிமீட்டர். மீதித் தூரத்தை அது விரவலால்தான் கடக்க வேண்டும். பெரிய கட்டிகளோ மிக விரைவாகத் தரையில் வந்து செல்களின் மேல் படிந்துவிடும். ஆகவே இரண்டு ஆய்வகங்கள் "50 மைக்ரோகிராம்" என்று எழுதினாலும் செல்கள் பெற்ற அளவு பெரிதும் வேறுபட்டிருக்கலாம். அமெரிக்காவில் டீகார்டன் குழுவினர் 2007-இலேயே இதை வலியுறுத்தினார்கள். நம் பக்கத்துக் கட்டுரைகளில் இன்னும் அதைக் காண்பது அரிது.

வெள்ளிக்கு மட்டும் உரிய சிக்கல் அயனி. ஆக்சிசன் இருக்கும் இடத்தில் வெள்ளித் துகள் மெல்ல மெல்ல அயனியாகக் கரைகிறது. நஞ்சு துகளிடமிருந்து வருகிறதா, அயனியிடமிருந்து வருகிறதா என்பது நீண்ட காலம் நடந்த விவாதம். 2012-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ அல்வாரெசின் குழு ஆக்சிசன் இல்லாத சூழலில் ஈ.கோலை பாக்டீரியாவைச் சோதித்துக் காட்டியது: அயனி வெளிவராதபோது துகளுக்கெனத் தனியாகக் குறிப்பிடத்தக்க கொல்லும் திறன் இல்லை. பாக்டீரியாவுக்கு அது போதுமான விடை. மனிதச் செல்லோ துகளையே விழுங்கும். விழுங்கப்பட்ட துகள் லைசோசோம் என்னும் செரிமானப் பையின் அமிலச் சூழலில் கரைந்து, வெளியில் அளந்தால் தெரியாத அயனியைச் செல்லுக்குள்ளேயே விடுவிக்கிறது. அந்த அயனி குளுட்டத்தையோன் போன்ற கந்தகம் கொண்ட மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ள, ஆக்சிசனேற்ற அழுத்தம் கூடி மைட்டோகாண்ட்ரியா பாதிக்கப்படுகிறது. 2014-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் மனித நுரையீரல் செல்களில் பல அளவுத் துகள்களை ஒப்பிட்டபோது, 24 மணி நேரத்தில் செல்களைக் கொன்றவை 10 நானோமீட்டர் துகள்கள் மட்டுமே. 40 நானோமீட்டரும் அதற்கு மேலும் இருந்தவை கொல்லவில்லை. ஊடகத்தில் ஏற்கெனவே கரைந்திருந்த வெள்ளியைத் தனியாகக் கொடுத்தபோதும் செல்கள் சாகவில்லை. உங்கள் 20 நானோமீட்டர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சராசரியை மட்டும் சொல்லாமல், 10 நானோமீட்டருக்குக் கீழே எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

எனவே துகளோடு, வெள்ளி நைட்ரேட்டாகக் கொடுத்த அயனியும், துகளை முற்றிலும் பிரித்தெடுத்த பின் எஞ்சிய திரவமும், வேப்பிலைச் சாறும் தனித்தனி ஒப்பீடுகளாக இருக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் ஊடகத்தின் குளோரைடோடு சேர்ந்து வீழ்படிவாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். "பசுமை முறை" என்ற அடைமொழி தயாரிப்பு முறையைப் பற்றியது. செல்லுக்கு அது எந்த உறுதிமொழியும் தருவதில்லை.

மறுமொழி 3: அறுவை மருத்துவர், தீக்காயப் பிரிவு

இளம் ஆய்வாளரை இவ்வளவு அச்சுறுத்த வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பு 1968 முதல் தீக்காயங்களுக்குப் பயன்பட்டு வருகிறது. வெள்ளி கலந்த கட்டுத் துணிகளும் பல ஆண்டுகளாகச் சந்தையில் உள்ளன. இனிப்பின் மேல் வெள்ளித் தாள் ஒட்டி உண்பது நம் நாட்டு வழக்கம். தட்டில் வளரும் ஒற்றை அடுக்குச் செல்களுக்கு ரத்த ஓட்டமும் இல்லை, கழிவை அகற்றும் கல்லீரலும் இல்லை. அங்கே நச்சாகத் தெரிவது நோயாளியின் காயத்தில் நச்சாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அதே நேரத்தில், நீண்டகாலப் பழக்கம் என்பதை மட்டும் வைத்து விட்டுவிடவும் முடியாது. 2006-இல் ஆஸ்திரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு குறிப்பு எங்கள் துறையில் பலருக்கும் தெரியும். உடலில் 30 சதவீதத் தீக்காயம் பட்ட 17 வயது இளைஞர் ஒருவருக்கு நானோ வெள்ளி பூசிய கட்டைப் போட்டுவந்த ஒரு வாரத்தில் முகம் சாம்பல் நிறமடைந்தது. கல்லீரல் நொதிகள் உயர்ந்தன. ரத்தத்திலும் சிறுநீரிலும் வெள்ளி கூடுதலாக இருந்தது. கட்டை நிறுத்திய பின் அவர் தேறினார். தோல் முழுமையாக இருக்கும் இடத்தில் ஒட்டப்படும் துணியும், தோலே இல்லாத பரந்த காயத்தில் ஒட்டப்படும் துணியும் ஒன்றல்ல. உங்கள் துணி எந்தக் காயத்துக்கு, எவ்வளவு பரப்புக்கு, எத்தனை நாளுக்கு என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால், சோதனைகளைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. செல் இல்லாத குழிகளை வைத்துப் பார்த்தோம்; சாறு மட்டும் உள்ள வரிசையில் ஊதா தெளிவாகத் தெரிகிறது, துகள் வரிசையில் அதைவிடக் குறைவாகத் தெரிகிறது. துகள்களை மையவிலக்கில் மீண்டும் கழுவித் தொடங்க இருக்கிறோம். மருத்துவர் ஐயா கேட்டதற்கு: சிறு பரப்பிலான, ஆழமில்லாத காயங்களையே கருத்தில் கொண்டுள்ளோம். இரண்டு ஐயங்கள் உள்ளன. அயனி அளவை அறியும் கருவி எங்களிடம் இல்லை, என்ன செய்யலாம்? மேலும், செல்களில் துகளைச் சோதிப்பதா, துணியையே சோதிப்பதா?

மறுமொழி 4: மருத்துவச் சாதனப் பரிசோதனைத் துறையில் இருப்பவர்

இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நோயாளியைத் தொடப்போவது துணி. எனவே துணியைத்தான் சோதிக்க வேண்டும். துகளை மட்டும் சோதிப்பது காரணத்தைப் புரிந்துகொள்ள உதவும், சான்றாக நிற்காது.

இதற்கு, மருத்துவச் சாதனங்களின் செல் நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 10993-5 தரநிலையைப் பாருங்கள். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் செல் நச்சுத்தன்மைக்கு வாய்ப்புள்ளது என்று அது கொள்கிறது. பலரும் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதே தரநிலையில் நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் இடும் முறையும் உண்டு. 0 முதல் 4 வரையான அந்த வரிசையில் 2-ஐத் தாண்டினால் நச்சு விளைவு என்றே கருதப்படும். பாதிக்கு மேற்பட்ட செல்கள் உருண்டிருப்பதாக நீங்கள் எழுதியது அந்த எல்லையைத் தாண்டுகிறது. அதாவது உங்கள் கண் பார்த்தது தரநிலைப்படியே செல்லத்தக்க தரவு. படங்களைக் கட்டுரையில் சேருங்கள். நானோ பொருள்களுக்கென 2017-இல் வந்த, 10993 வரிசையின் 22-ஆம் பகுதியையும் படியுங்கள். மேலே இருவர் எழுதிய குறுக்கீடுகளைப் பற்றி அது பேசுகிறது.

துணியை ஊடகத்தில் 37 பாகை செல்சியசில் 24 மணி நேரம் ஊறவைத்துச் சாறெடுப்பீர்கள். துளை நிறைந்த, எடை குறைந்த பொருளுக்கு ஒரு மி.லி.க்கு 0.1 கிராம் என்பது வழக்கமான விகிதம். பருத்தி ஊடகத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று முன்கூட்டியே அளந்து அந்த அளவைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிழிந்தெடுக்கும் சில துளிகளில் சோதனை செய்யும் நிலை வரும். பழக்கத்தில் அந்தச் சாற்றை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துவிட வேண்டாம். கட்டி சேர்ந்த துகள்கள் வடிகட்டியிலேயே தங்கிவிடும். துகள் நீங்கிய திரவத்தைச் சோதித்துவிட்டுத் துகள் பாதுகாப்பானது என்று எழுதுவதாக ஆகிவிடும். துணியைக் கிருமிநீக்கம் செய்யும் முறையையும் இறுதிப் பொருளில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள். ஆட்டோகிளேவின் வெப்பமும் ஈரமும் துகள்களை மாற்றக்கூடும்.

செல் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீரோ என்பது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகச் செல், எம்.சி.எஃப்-7 மனித மார்பகப் புற்றுநோய்ச் செல். இனம் வேறு, உறுப்பு வேறு, பெருகும் வேகமும் வேறு. இந்த இரண்டையும் ஒப்பிட்டு "புற்றுநோயை மட்டும் தாக்கும்" என்று எழுத எந்த அடிப்படையும் இல்லை. காயத் துணிக்கு அந்தக் கூற்றே தேவையில்லை. தரநிலைச் சோதனைக்கு எல்-929 என்னும் சுண்டெலி நார்ச்செல்கள், காயத்துக்குப் பொருந்தும்படி ஹாகாட் தோல் செல்கள், முடிந்தால் மனிதத் தோல் நார்ச்செல்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். செல் வரிசைகளைப் புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் பெறலாம். மரபணு நச்சுக்கு, பாக்டீரியாவில் மரபணு மாற்றத்தைப் பார்க்கும் ஏம்ஸ் சோதனையை யாராவது பரிந்துரைத்தால் தவிர்த்துவிடுங்கள். பாக்டீரியாவின் செல் சுவரைத் துகள் கடந்து செல்வது அரிது என்பதால் நானோ பொருள்களுக்கு அது ஏற்றதாகக் கருதப்படுவதில்லை.

அயனி அளவைப் பொறுத்தவரை, 3 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வடிகட்டிக் குழாயில் மையவிலக்கு செய்தால் அயனி கீழே வரும், துகள் மேலேயே நிற்கும். கீழே வந்த திரவத்தை அமிலமிட்டு, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் உள்ள நுண்பகுப்பாய்வுக் கருவி மையம் போன்ற இடத்துக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பலாம்; அணு உறிஞ்சல் நிறமாலைமானி உள்ள அருகிலுள்ள கல்லூரியாலும் முடியும். அமிலமிட நைட்ரிக் அமிலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அளக்க வேண்டிய வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும். புரதத்தோடு பிணைந்த வெள்ளி மேலேயே நின்றுவிடும் என்பதால், இந்த அளவைத் தனித்த அயனியின் அளவு என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

துகள் கரைசலின் வயதையும் அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்க்க வேண்டும். சேமிப்பில் இருக்கும்போதே வெள்ளித் துகள்கள் மெல்லக் கரைவதால் பழைய கரைசல் புதியதைவிடச் செல்களுக்கு நச்சாகிறது என்று ஜெர்மனியில் எப்பிளின் குழு 2010-இல் காட்டியிருக்கிறது. பாக்டீரியா சோதனையை அன்றே தயாரித்த கரைசலிலும், செல் சோதனையைச் சில வாரங்கள் அலமாரியில் இருந்த கரைசலிலும் செய்திருந்தால், அவை இரண்டும் ஒரே பொருளின் முடிவுகள் ஆகா.